காஞ்சிப் பட்டைக் காக்கும் வேதியியல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் புடவை எடுப்பவர்களுக்குக் கடைக்காரர் நாலு அறிவுரையும் சேர்த்துச் சொல்லி அனுப்புவார். வெயிலில் உலர்த்தாதீர்கள், துணி சோப்புப் போடாதீர்கள், மடிப்பை மாற்றி வையுங்கள். எல்லாம் சரியான அறிவுரைகள்தான். ஆனால் ஏன் என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று தெரியாத விதியைத்தான் அவசரத்தில் முதலில் மீறிவிடுகிறோம். அதற்கான விடை வேதியியலில் இருக்கிறது. அதுவும், மூலக்கூறுகள் தாமாகவே கூடி ஒழுங்காக அடுக்கிக்கொள்வது எப்படி என்று இன்று பல ஆய்வுக்கூடங்கள் மும்முரமாகத் தேடிக்கொண்டிருக்கும் பிரிவில் இருக்கிறது.

பட்டு இழை ஃபைப்ராயின் என்ற புரதம். கிளைசின், அலனைன், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வரும் நீண்ட சங்கிலி அது. சங்கிலிக்குள்ளே அணுக்களைக் கட்டியிருப்பது வலுவான சகப்பிணைப்பு. ஒரு சங்கிலியைப் பக்கத்துச் சங்கிலியோடு பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. வலிமையில் சகப்பிணைப்பின் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சின்னப் பிணைப்புகள் வரிசை தவறாமல் ஆயிரக்கணக்கில் அமையும்போது, எடைக்கு எடை சாதாரண எஃகோடு போட்டி போடும் இழை கிடைக்கிறது. கோர்வைப் புடவையில் உடலையும் கரையையும் யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே போகின்றன. ஒரு பிடியை விரல் நகத்தால் விடுவித்துவிடலாம், முழுக் கரையை இழுத்துப் பிரிக்க முடியாது. ஃபைப்ராயின் சங்கிலிகள் சேர்ந்து நிற்பதும் அப்படித்தான்.

இந்த அடுக்கைப் பீட்டா தகடு என்பார்கள். பட்டில் அது எப்படி அமைந்திருக்கிறது என்று 1955-ல் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் விளக்கினார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பே, 1954-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்காக இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். அந்த முறுக்கையும் பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு இவ்வளவு பெரிய முன்னோடி இருந்தும், பள்ளிப் பாடங்களில் ராமச்சந்திரனுக்கு ஓரிரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

மூலக்கூறுகளைச் சகப்பிணைப்பு இல்லாமல் கூட்டிச் சேர்க்கும் வேதியியலுக்கு 1987-ல் ழான்-மாரி லென், டொனால்ட் கிராம், சார்லஸ் பெடர்சன் மூவருக்கும் நோபல் கிடைத்தது. 1997-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் மேயர் குழு, நான்கு நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோக்கும் சிறு மூலக்கூறுகளை வைத்தே பாலிமர் செய்து காட்டியது. சூடாக்கினால் பிரிந்து ஓடும், ஆறினால் மறுபடி சேரும். இவைதான் சூப்ராமாலிக்யூலர் பாலிமர்கள். நம் நாட்டில் திருவனந்தபுரத்தில் அஜயகோஷும், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் சுபி ஜார்ஜும் இத்துறையில் உலகம் கவனிக்கும் வேலை செய்தவர்கள். ஜார்ஜுக்கு 2020-ல் பட்நாகர் விருது வந்தது.

இவர்கள் ஆய்வுக்கூடத்தில் முயல்வதைப் பட்டுப்புழு எப்போதும் செய்துவருகிறது. அதன் சுரப்பியில் நூற்றுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு புரதம் தண்ணீரில் கரைந்து, கெட்டியான பாகாக நிற்கிறது. வாய்ப்பக்கம் வர வர நீர் வற்றுகிறது, அமிலத்தன்மை சற்று ஏறுகிறது, புழு தலையை எட்டு வடிவில் ஆட்டி இழுக்கிறது. அந்த இழுப்பில் சங்கிலிகள் நீண்டு நின்று தாமாகப் பீட்டா தகடாகிவிடுகின்றன. உலையும் கிடையாது, நச்சுக் கரைப்பானும் கிடையாது. பட்டைக் கையாளும்போது செய்யலாம், கூடாது என்பதெல்லாம் இந்த ஒழுங்கு கலையாமல் இருப்பதைப் பொறுத்தது.

வாங்கும்போது

செய்யுங்கள்: முந்தானைக் குஞ்சத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஓரத்திலிருந்து ஊடை நூல் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்கி எரித்துப் பாருங்கள். பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கும் புடவைகள் சந்தையில் உண்டு. பட்டு தயங்கித் தயங்கி எரியும், முடி கருகும் வாடை வரும், சாம்பலை நசுக்கினால் கறுப்புத் தூளாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். வேறுபாடு பிணைப்பில்தான் இருக்கிறது. பாலியெஸ்டரில் சங்கிலிகளுக்கு இடையிலான பிடி சூட்டில் தளர்ந்து, சங்கிலி அறுவதற்கு முன்பே உருகிவிடுகிறது. பட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் அத்தனை நெருக்கமாக இருப்பதால் உருகுவதற்கு முன் சங்கிலியே கருகிவிடுகிறது.

செய்யுங்கள்: மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பட்டுக்கு மட்டுமே உத்தரவாதம். ஜரிகைக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. எக்ஸ்-கதிர் கருவியில் வைத்தால் எந்த உலோகம் எத்தனை விழுக்காடு என்று காட்டிவிடும்.

செய்யாதீர்கள்: மினுமினுப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டின் பளபளப்பு, கிட்டத்தட்ட முக்கோண வெட்டு முகம் கொண்ட இழை ஒளியைத் திருப்புவதால் வருவது. அதே வடிவத்தை ஆலையில் செயற்கை இழைக்கும் கொடுக்கிறார்கள்.

சாயப்பட்டறையில்

இந்தப் பகுதி தறி வைத்திருக்கும் வீட்டாருக்கும், சாயத்தொழிலில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கும். புடவையின் ஆயுளில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

புழு ஃபைப்ராயினை மட்டும் விடுவதில்லை. இரண்டு ஃபைப்ராயின் இழைகளைச் செரிசின் என்ற பிசின் மூடி ஒன்றாக்கியிருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பிசின். பிசினோடு இருக்கும் நூல் கழியைக் கையில் எடுத்தால் வைக்கோல் போல விறைப்பாக, மங்கிய மஞ்சளாக இருக்கும். கழிகளைக் கம்பில் கோத்து, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் முங்கவிட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நேரம் ஆக ஆகத் தண்ணீர் குழம்பும், நுரை தடிக்கும், கழி கம்பில் தளர்ந்து தொங்க ஆரம்பிக்கும். அலசிப் பிழிந்தால் முன்பிருந்த நூலா இது என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெத்தென்றும் வெளுப்பாகவும் இருக்கும். ஒரு கிலோ போட்டால் முக்கால் கிலோ திரும்பும்.

பிசின் மட்டும் கரைந்து ஃபைப்ராயின் எப்படித் தப்புகிறது? செரிசினில் நீரை விரும்பும் செரின் அதிகம், ஒழுங்கான அடுக்கு குறைவு. சூடான காரநீர் சங்கிலிகளுக்கு நடுவே சுலபமாகப் புகுந்துவிடும். ஃபைப்ராயினில் தகடுகள் ஒன்றோடொன்று இறுகி அடுக்கியிருப்பதால் நீர் புக இடமில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. இழையில் தகடாக அடுக்கிக்கொள்ளாத தளர்ந்த பகுதிகளும் இருக்கின்றன. பிசின் போன பிறகும் கொதிக்கவிட்டால் காரம் அந்தப் பகுதிகளில் சகப்பிணைப்பையே வெட்டத் தொடங்கும்.

செய்யுங்கள்: சோடாவை நிறுத்துப் போடுங்கள், நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்காகப் பட்டைக் கரைக்கும் ஆய்வுக்கூடங்களில், லிட்டருக்கு இரண்டு கிராமை ஒட்டிய சோடியம் கார்பனேட்டில் அரை மணி நேரம் கொதிக்கவைப்பதே வழக்கமான அளவு. அதற்கு மேல் போகப் போகச் சங்கிலியின் நீளம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். நெசவு நூல் முறுக்கேறியது, எனவே அளவு அப்படியே பொருந்தாது. ஆனால் எடை சரியாகக் குறைந்து நூல் மெத்தென்று ஆனதும் எடுத்துவிட வேண்டும் என்ற பாடம் பொருந்தும்.

செய்யுங்கள்: மென்னீர் பயன்படுத்துங்கள். பாலாற்றுத் தண்ணீரால்தான் காஞ்சிப் பட்டுக்கு அந்த நிறம் என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீருக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. கடினமான போர் தண்ணீரில் கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலில் படிந்துவிடும். அந்த இடத்தில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

செய்யுங்கள்: கடைசி அலசலில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, மிஞ்சிய காரத்தைத் தீர்த்துவிடுங்கள். நூலைக் கசக்கும்போது கேட்கும் அந்தப் பட்டு ஒலியும் இதனால்தான் எழுகிறது.

செய்யாதீர்கள்: சாயத் தொட்டியைச் சட்டென்று கொதிநிலைக்கு ஏற்றாதீர்கள். பட்டுக்குப் போடும் அமிலச் சாயம், புரதத்தில் நேர்மின்னேற்றம் பெற்ற இடங்களில் எதிர்மின்னேற்றத்தோடு போய் உட்கார்ந்துகொள்வது. சகப்பிணைப்பு இங்கே இல்லை. மெதுவாக ஏற்றினால் சாய மூலக்கூறு விட்டுவிட்டு இடம் மாறி, கழி முழுக்கச் சமமாகப் பரவும். அவசரப்பட்டால் வெளி இழைகள் வாரிக்கொள்ளும், உள் இழை வெளிறியே இருக்கும். அரக்கு, மயில் கழுத்து போன்ற அடர் நிறங்களில் இதைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

உடுத்தும் நாளில்

வைகாசி கருடசேவைக்கு வரதராஜப் பெருமாள் கோவில் கூட்டத்தில் பட்டு உடுத்தி நின்றால் என்னவெல்லாம் புடவையில் படும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியர்வை, குங்குமம், விளக்கெண்ணெய், கற்பூரப் புகை.

செய்யாதீர்கள்: குங்குமமோ மஞ்சளோ பட்டால் அங்கேயே தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், சோப்பு போடவே போடாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் செந்நிறமாக மாறும். மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்து ஆரத்தி கரைப்பதும் அதை வைத்துத்தான். சோப்பு அதே வேலையைப் புடவையில் செய்துவிடும். தண்ணீர் அதை இழைக்குள் இழுத்துச் செல்லும். காயவிட்டு, உதறி, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மிஞ்சியதை டிரை கிளீனிங் பார்த்துக்கொள்ளும்.

செய்யாதீர்கள்: உடம்பில் அடிக்கும் டியோடரண்டும் சென்ட்டும் காய்வதற்கு முன் புடவை கட்டாதீர்கள். வியர்வையைத் தடுக்கும் வகைகளில் அலுமினிய உப்பு இருக்கும். அது அமிலத்தன்மை உடையது. அக்குள் பக்கம் ரவிக்கைப் பட்டு முதலில் கிழிவதற்கு அதுவும் வியர்வை உப்பும் சேர்ந்த கூட்டுதான் காரணம்.

செய்யுங்கள்: எண்ணெய் சொட்டியிருந்தால் உடனே டால்கம் பவுடர் தூவி, அது எண்ணெயை உறிஞ்சும்வரை விட்டுவிட்டுத் தட்டிவிடுங்கள். வீடு திரும்பியதும் மடித்து வைத்துவிடாமல் ஓர் இரவு நிழலில் காற்றாடப் போடுங்கள். ஈரமில்லை என்று கை சொல்வதை நம்ப வேண்டாம். பட்டு தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீரை வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும்.

துவைக்கும்போது

கனத்த ஜரிகைப் புடவையை வீட்டில் துவைக்கவே வேண்டாம். ஜரிகை குறைந்த, அடிக்கடி கட்டும் பட்டுகளுக்கு மட்டும் இது.

செய்யுங்கள்: முதலில் ஓர் ஓரத்தை வெள்ளைப் பருத்தித் துணியில் ஈரமாக ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வீட்டுத் தொட்டிக்கு வரக்கூடாது. ஓரம் ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்பது நம் ஊரின் அழகு. கசிந்தால் முதலில் கெடுவதும் அதுதான்.

செய்யுங்கள்: பூந்திக்கொட்டை நீரோ, நடுநிலையான திரவ சோப்போ குளிர்ந்த தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். துணி சோப்புக் கட்டி காரமானது. காரம், சாயத்தைப் பிடித்திருக்கும் மின்னேற்றத்தை நீக்கிவிடும், நிறம் தண்ணீரில் இறங்கிவிடும். பூந்திக்கொட்டையின் சப்போனின் லேசான அமிலப் பக்கம் நிற்பது, அழுக்கையும் எடுக்கும். பாட்டிமார் பட்டுக்கென்று அதைத் தனியாக எடுத்து வைத்ததை வேதியியல் முழுமையாக ஒப்புக்கொள்கிறது.

செய்யாதீர்கள்: நுரை வரவில்லை என்று சோப்பை மேலும் மேலும் ஊற்றாதீர்கள். சோப்பு வேலை செய்வதும் தானாகக் கூடும் வித்தையால்தான். நீரை வெறுக்கும் வால்களை உள்ளே வைத்து, நீரை விரும்பும் தலைகளை வெளியே காட்டி, பல மூலக்கூறுகள் உருண்டையாகக் கூடி எண்ணெயை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. 1913-ல் மெக்பெய்ன் முன்வைத்த கருத்து இது. மைசெல் என்று பெயர். குறிப்பிட்ட அடர்வு வந்தால்தான் மைசெல் உருவாகும். திரவ சோப்புகளில் பரவலாக இருக்கும் சோடியம் லாரைல் சல்பேட்டுக்கு அது லிட்டருக்குச் சுமார் 2.3 கிராம். அதைத் தாண்டியபின் சேர்ப்பது பெரும்பாலும் அலசுவதற்கு இன்னும் நாலு குடம் தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான்.

செய்யாதீர்கள்: ஈரப் பட்டைக் கசக்காதீர்கள், அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். தளர்ந்த பகுதிகளில் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இருந்த ஹைட்ரஜன் பிணைப்பில் இப்போது தண்ணீர் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்திருக்கும் நேரம் அது. காய்ந்ததும் பிணைப்புகள் திரும்பிவிடும், ஆனால் ஈரத்தில் நழுவிய சங்கிலிகள் புது இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் சுருக்கம் என்கிறோம். பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள்.

செய்யாதீர்கள்: குளோரின் ப்ளீச்சைப் பட்டுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அது சங்கிலியையே அறுக்கும். வெயிலும் அப்படியே, வேகம்தான் குறைவு. இயற்கை இழைகளில் ஒளிக்கு மிகவும் பயப்பட வேண்டியது பட்டுதான். புற ஊதாக் கதிர் அதன் டைரோசின், டிரிப்டோபான் அமிலங்களைச் சிதைத்து மஞ்சளாக்குகிறது.

செய்யுங்கள்: இஸ்திரியைக் குறைந்த சூட்டில், உள்பக்கமாக, மேலே பருத்தித் துணி விரித்துப் போடுங்கள். தண்ணீரைத் தெளிக்க வேண்டாம். பட்ட இடம் மட்டும் திட்டாகும்.

பீரோவில்

செய்யுங்கள்: கஞ்சி போடாத, துவைத்துத் தேய்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, வேறு கோட்டில் மடியுங்கள். ஒரே கோட்டில் மடிந்து கிடந்தால் ஜரிகையின் உலோகத் தகடு அந்த இடத்தில் ஒடியும், ஒடிந்த முனை பட்டை அறுக்கும்.

செய்யாதீர்கள்: ஜரிகைமேல் ரசகற்பூர உருண்டையைப் போடாதீர்கள். ரப்பர் பேண்டும் வேண்டாம். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும். கனத்த புடவையை ஹேங்கரில் மாதக்கணக்கில் தொங்கவிடவும் கூடாது. ஜரிகையின் எடை முழுவதும் ஒரே மடிப்பில் இறங்கும்.

இதைப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

செய்யுங்கள்: காஞ்சிபுரத்துக் கல்லூரிகளில் வேதியியல் படிப்பவர்கள் பிள்ளையார்பாளையம் தறிக்கூடங்களுக்கு ஒரு நடை போய், அறுந்த பட்டு நூல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் ஊர்க் குப்பையில் போவது உலக ஆய்வுக்கூடங்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள். பிசின் நீக்கிய பட்டை அடர்ந்த லித்தியம் புரோமைடு கரைசல் 60 டிகிரியில் சில மணி நேரத்தில் கரைத்துவிடும். உப்புதான் ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கிப் போடுகிறது, சங்கிலி அறுவதில்லை. உப்பைச் சவ்வு வழியே வெளியேற்றினால், புழுவின் சுரப்பியில் இருந்ததைப் போன்ற தெளிந்த ஃபைப்ராயின் நீர் கிடைக்கும். அதை வைத்திருந்தால் தானே ஜெல்லாக இறுகும். மறுபடி பீட்டா தகடு அமைந்துவிட்டது என்று பொருள். இதை ஆசிரியர் முன்னிலையில், கையுறை கண்ணாடியோடு மட்டும் செய்யுங்கள்.

செய்யுங்கள்: எவ்வளவு போட்டீர்கள் என்பதோடு, எந்த வேகத்தில் சூடாக்கினீர்கள், எந்த வேகத்தில் ஆறவிட்டீர்கள், எதை எதில் ஊற்றினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். தானாகக் கூடும் மூலக்கூறுகள் வந்த வழியைப் பொறுத்து வேறு வேறு அமைப்பில் போய் நிற்கும். 2012-ல் ஐந்தோவன் குழு நேச்சரில் இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே மூலக்கூறு, ஒரே கரைப்பான், இரண்டு பேர் செய்தால் இரண்டு முடிவு என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் ஆறவைத்த வேகத்தைக் குறித்திருக்க மாட்டார்கள்.

செய்யாதீர்கள்: கெட்டியாகிவிட்டது என்பதற்காகக் கூடிவிட்டது என்று எழுதாதீர்கள். நிறமாலையில் தகட்டின் அடையாளம் தெரிகிறதா, சூடாக்கினாலோ நீர்த்தாலோ கலைகிறதா என்று பாருங்கள்.

பழைய புடவைக்கு

செய்யாதீர்கள்: மடிப்பில் விரிசல் விட்ட கல்யாணப் புடவையைத் துவைத்தோ, இஸ்திரி போட்டோ சரிசெய்ய முயலாதீர்கள். அங்கே அறுந்திருப்பது சகப்பிணைப்பு. ஈரத்தில் பிரிந்த ஹைட்ரஜன் பிணைப்பு காய்ந்ததும் கூடிவிடும், இது கூடாது. சூடும் நீரும் விரிசலை நீட்டத்தான் செய்யும்.

செய்யுங்கள்: விரிசலுக்குப் பின்னால் மெல்லிய பருத்தி வலைத் துணி வைத்து, நுண்ணூசியால் தளர்வாகத் தையல் போடச் சொல்லுங்கள். தெருவில் பழைய பட்டு வாங்க வருபவர் எடை போட்டுத் தரும் விலை ஜரிகையில் உள்ள வெள்ளிக்கானது. எரித்துத்தான் அதை எடுப்பார்கள், பட்டுக்கு அதில் காசு கிடையாது. கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், முந்தானையையும் கரையில் ஒரு முழத்தையும் வெட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள். அந்த வடிவத்தை மறுபடி போட ஒரு நெசவாளருக்கு மாதிரி வேண்டியிருக்கும்.